ஓடிப்போன இனிப்பு: அமரோனே என்ற பெயரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஒரு பண்டம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு விபத்தைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். யாரோ எதையோ மறந்துவிடுகிறார், எதையோ தவறிக் கொட்டிவிடுகிறார். மறுநாள் காலையில் உலகத்துக்குப் புதிதாக ஒன்று கிடைத்துவிடுகிறது. இந்தக் கதைகள் சுவையானவை. சுவையாக இருப்பதாலேயே இவற்றைச் சந்தேகப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது வட இத்தாலியின் சிவப்பு ஒயின் ஒன்றின் கதை. பெயர் அமரோனே. வெரோனா நகருக்கு வடக்கே வால்போலிசெல்லா என்ற குன்றுப் பகுதியில் செய்யப்படுவது. கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகியவை இதன் முக்கியத் திராட்சை வகைகள். பறித்த பழத்தை உடனே பிழிவதில்லை. மூன்று நான்கு மாதம் நிழலில் வாடவிட்டு, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வற்றிய பிறகுதான் பிழிந்து நொதிக்க வைக்கிறார்கள். நூறு கிலோ திராட்சைக்கு நாற்பது லிட்டர் ஒயினுக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அடர்த்தியான, விலை உயர்ந்த சரக்கு.

அதன் பிறப்புக் கதை இது. 1936ஆம் ஆண்டு. மூன்று வருடங்களுக்கு முன் நெக்ராரில் தொடங்கப்பட்டிருந்த கூட்டுறவு ஒயின் சங்கம். அதன் நிலவறைப் பொறுப்பாளர் அதெலினோ லுக்கேசே மூலையில் மறந்துபோய்க் கிடந்த பீப்பாய் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். உள்ளே இருந்தது ரெச்சோத்தோ. அதாவது அதே வாடிய திராட்சையிலிருந்து செய்யும் இனிப்பு ஒயின். கவனிக்க ஆளில்லாமல் கிடந்ததால் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்திருந்தது. குடித்துப் பார்த்தவர், இது வெறும் கசப்பு இல்லை, பெருங்கசப்பு என்கிற மாதிரி வியந்து ஏதோ சொன்னாராம். 'அமாரோ' என்றால் கசப்பு. 'ஓனே' பெரிதாக்கிக் காட்டும் விகுதி. நாம் 'பெரு' என்று முன்னால் ஒட்டுவதை அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் ஒயின் பிறந்தாச்சு.

லுக்கேசே அப்படிச் சொன்னாரா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கதை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் கேள்வி. இதில் ஓர் ஆண்டு இருக்கிறது, ஆனால் வரலாறு இல்லை. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்து, முசோலினி ரோமப் பேரரசு மீண்டுவிட்டதாக அறிவித்த ஆண்டு அது. கதையின் 1936ல் அந்த 1936 கிடையாது. ஓர் இருட்டு நிலவறை, ஒரு பீப்பாய், ஒரு மனிதன், ஒரு சொல். ரோலான் பார்த் 1957ல் வெளிவந்த தம் 'தொன்மவியல்கள்' நூலில் பிரெஞ்சு ஒயினைப் பற்றி எழுதியபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஒயின் எவ்வளவு அழகான தொன்மமாக இருந்தாலும், அது அல்ஜீரிய மக்களின் நிலத்தைப் பறித்து விளைவித்த பண்டமும்கூட. தொன்மம் வேலை செய்வதே அந்த இரண்டாவது உண்மையை மறக்கடிப்பதன் மூலம்தான். பீப்பாயை மறந்த கதைக்குள்ளும் இப்படி வேறொரு மறதி ஒளிந்திருக்கிறது.

2

திராட்சையை வாடவைத்து ஒயின் செய்கிற முறை 1936க்கு 1400 ஆண்டு மூத்தது. இதற்கான புகழ்பெற்ற சான்று காசியோதோரஸ் எழுதிய ஒரு கடிதம். இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரகோத் அரசர்களிடம் உயர் அமைச்சராக இருந்தவர் அவர். 533க்கும் 537க்கும் இடையில் எழுதப்பட்ட இந்தக் கடிதத்தில் வெரோனா பக்கத்து 'அசினாட்டிகம்' என்ற ஒயினை விரிவாக வருணிக்கிறார். கொத்துகள் தலைகீழாகத் தொங்கவிடப்படுகின்றன, அழுகாமல் மெல்ல வற்றுகின்றன, டிசம்பரில் பிழியப்படுகின்றன என்கிறார். அதன் அடர்த்தியைச் சொல்ல, இது குடிக்கிற பொருளா சாப்பிடுகிற பொருளா என்று தடுமாறுகிற அளவுக்குப் போகிறார். இன்றைக்கும் அமரோனே திராட்சையைப் பொதுவாக டிசம்பர் 1க்கு முன் பிழிய விதி அனுமதிப்பதில்லை.

ஒயின் எழுத்தாளர்கள் இந்தக் கடிதத்தை ஒரு ரசிகனின் வாக்குமூலமாக வாசிக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரியான பிரதியாகத் தெரிகிறது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். கவிஞருக்கோ நண்பருக்கோ அல்ல. வெனீஷியா பகுதியின் வரி அதிகாரிக்கு. அரசனின் மேசைக்கு இந்த ஒயின் வந்து சேர வேண்டும் என்கிற உத்தரவு அது. ஒரு தனி மனிதன் தன் ஊரில் விளைவதைச் சாப்பிட்டுக்கொள்ளலாம், அரசனின் விருந்திலோ பார்ப்பவர் வியக்கும் அபூர்வப் பொருள்கள் இருக்க வேண்டும் என்று அதற்கு நியாயமும் சொல்கிறார். சுருங்கச் சொன்னால், இந்த ஒயினைப் பற்றிய புகழ்பெற்ற பழைய வருணனை ஒரு கொள்முதல் ஆணைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ருசியைப் பற்றிய சொல்லாடலும் வசூலைப் பற்றிய சொல்லாடலும் ஒரே தாளில் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். கொத்துகள் 'தொங்கவிடப்படுகின்றன', பழம் 'காக்கப்படுகிறது'. கடிதம் முழுக்கச் செயப்பாட்டு வினைதான். யார் தொங்கவிட்டார்கள்? அழுகின பழத்தை நடுக்குளிரில் யார் பொறுக்கி எடுத்தார்கள்? இலக்கணத்தில் எழுவாய் மறைகிற இடத்தில்தான் பெரும்பாலும் உழைப்பாளி மறைகிறார்.

3

அந்த எழுவாயைத் தேடிப் போனால் நாம் ஏறவேண்டியது பரணுக்கு. வால்போலிசெல்லா வீடுகளில், கொட்டகைகளில், காற்றோட்டமுள்ள மேல்தளத்தில் திராட்சையை வாடவைப்பார்கள். வெயிலில் போடுவதில்லை, நிழல்தான். கொத்துகளைப் பரப்புகிற நாணல், மூங்கில் தட்டுகளுக்கு 'அரெலே' என்று பெயர். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டிகளும் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் பயணிகளுக்குக் காட்ட ஒரு சில அரெலேயை வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தட்டுகள் திராட்சைக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. பட்டுப்புழு வளர்க்கப் பயன்பட்டவை. வசந்தத்தில் அதே அடுக்குகளில் புழு, இலையுதிர் காலத்தில் திராட்சை. வெனெத்தோ பகுதியின் குடியானவ வீடுகளில் பட்டுப்புழு வளர்ப்பு பெண்களின் வேலை. முட்டைகளைத் துணியில் முடிந்து தங்கள் மார்புச் சூட்டிலேயே பொரிக்க வைத்தார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் மல்பெரி இலை அரிந்து போட்டார்கள். கிடைத்த கூடுகளை விற்றுத்தான் பல குடும்பங்கள் வருடத்தில் முதல் ரொக்கத்தைக் கண்ணால் பார்த்தன. 1929க்குப் பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சியும் செயற்கைப் பட்டும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. அதாவது மறந்த பீப்பாய் கண்டெடுக்கப்பட்ட அதே 1930களில், பரணில் இருந்த தட்டுகள் தம் இரண்டு வேலைகளில் ஒன்றை இழந்துகொண்டிருந்தன. ஒயின் புத்தகங்களில் அரெலே ஓர் அழகான படம். அந்தப் படத்துக்குள் புழுவும் இல்லை, பெண்ணும் இல்லை.

நிலம் பெருமளவு பிரபுக்கள் கையிலும் நகரத்துச் செல்வந்தர் கையிலும் இருந்தது. தாந்தேயின் மகன் பியெத்ரோ அலிகியேரி 1353ல் வால்போலிசெல்லாவில் வாங்கிய பண்ணை இன்றைக்கும் அந்த வம்சத்தாரிடம் இருக்கிறது. ஒயின் புட்டியில் அந்தப் பெயர் அச்சாகி வருகிறது. அந்த மண்ணைக் கிளறியவர்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. 'மெத்ஸாத்ரியா' என்கிற வார முறை இங்கே இருந்தது. சொல்லிலேயே 'பாதி' இருக்கிறது. விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. ரெச்சோத்தோ விருந்துக்கும் விசேஷத்துக்கும் உரிய ஒயின். விவசாயி அன்றாடம் குடித்தது 'க்ராஸ்பியா'; பிழிந்த சக்கையில் தண்ணீரை ஊற்றி எடுக்கிற நீர்த்த பானம். சாப்பிட்டது பொலெந்தா, நம் பாஷையில் மக்காச்சோளக் களி.

களியையே மூன்று வேளையும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 19ஆம் நூற்றாண்டு வெனெத்தோவைப் பார்த்தால் தெரியும். நியாசின் குறைவால் வருகிற பெல்லாக்ரா நோய் அங்கே கிராமம் கிராமமாகப் பரவியிருந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். 'பெல்லே' என்றால் தோல். 'அக்ரா' என்றால் புளித்தது, சொரசொரத்தது. ஏழையின் உடம்புக்கும் வட இத்தாலிய மொழி ஒரு சுவைப் பெயரைத்தான் வைத்திருக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 1870களிலிருந்து வெனெத்தோ மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தாலியிலிருந்து வெளியேறியவர்களில் முதலிடம் அவர்களுக்குத்தான். தென் பிரேசிலின் ரியோ கிராந்தே தோ சூல் மலைகளில் இன்று திராட்சை விளைகிறதென்றால் அதில் அப்படி ஓடிப்போனவர்களின் கை இருக்கிறது.

4

'ஓடிப்போனவர்கள்' என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மறந்த பீப்பாய்க்கு முன்பே அந்தக் கசப்பு ஒயினுக்கு வெரோனாப் பேச்சுமொழியில் ஒரு பெயர் இருந்தது: 'ரெச்சோத்தோ ஸ்காபா'. ஓடிப்போன ரெச்சோத்தோ என்று அர்த்தம்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நொதிப்பு வேதியியல் வேண்டும். வாடிய பழத்தில் தண்ணீர் குறைந்து சர்க்கரை கூடுகிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆல்கஹால் கூடக்கூட ஈஸ்ட் சோர்ந்துபோகும். குளிர்காலமானால் இன்னும் சோரும். பாதியில் நின்றால் மிச்சச் சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடும், அது இனிப்பு ரெச்சோத்தோ. நிற்காமல் கடைசி வரைக்கும் போய்விட்டால் சர்க்கரை தீர்ந்து கசப்பு மேலே வரும். ஆகவே இனிப்பை நிறுத்தி வைக்கத்தான் தேர்ச்சி வேண்டும். பீப்பாயை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், குளிரைக் கணக்குப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்களுக்குச் சில வருடம் ஒயின் கையை மீறிப் போயிருக்கிறது. 'ஓடிப்போச்சு' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிகழ்வுக்குப் பேச்சுமொழியில் நிலைத்த பெயர் உண்டு என்றால் அது பலமுறை நடந்திருக்கிறது என்றுதான் பொருள். ஒரே ஒருமுறை நடந்ததற்கு மக்கள் பெயர் வைப்பதில்லை.

அப்படியானால் 1936ல் கண்டுபிடிக்கப்பட்டது ஒயின் அல்ல. மாறியது அதன் மதிப்பீடு மட்டுமே. எது தோல்வியாகக் கருதப்பட்டதோ அது வெற்றியாகப் பெயர் மாற்றப்பட்டது. 'ஓடிப்போனது' என்ற பெயரில் உழைப்பாளி இருக்கிறார். பிடிக்கப் பார்த்து, கைநழுவவிட்டு, சலித்துக்கொள்கிற குரல் அதில் கேட்கிறது. 'பெருங்கசப்பு' என்ற பெயரில் குடிப்பவர்தான் இருக்கிறார். முதல் பெயர் உற்பத்தியின் பக்கத்திலிருந்து வருகிறது, இரண்டாவது நுகர்வின் பக்கத்திலிருந்து. இந்த இடப்பெயர்ச்சிதான் அமரோனேயின் உண்மையான வரலாறு என்பது என் வாதம்.

சுவை தானாக மாறுவதில்லை. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் இனிப்பு ஒயின் செல்வத்தின் அடையாளம். ஆலைச் சர்க்கரை மலிந்து, கூலிக்காரன் காப்பியிலும் இனிப்பு வந்துவிட்ட பிறகு, தன்னை வேறுபடுத்திக் காட்ட மேல்தட்டுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. போருக்குப் பின், 1953ல், போல்லா நிறுவனம் அமரோனேயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1963ல் இத்தாலி ஒயின் பெயர்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. 1964ல் புதிய வார ஒப்பந்தங்கள் தடைசெய்யப்பட்டன. 1968ல் வால்போலிசெல்லா ஒயின்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அமரோனே அப்போது ரெச்சோத்தோவின் ஒரு வகையாகத்தான் பதிவானது. 1990களின் தொடக்கத்தில் தனிப் பெயர், 2010ல் ஆக உயர்ந்த தரவரிசை. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். வாரக் குடியானவர் சட்டத்திலிருந்து வெளியேறுகிற அதே சமயத்தில் பெயர் சட்டத்துக்குள் நுழைகிறது. நிலத்தின் மீதான பழைய உரிமை தளர்கிறபோது சொல்லின் மீது புதிய வேலி போடப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை; இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு முகங்கள் என்கிறேன்.

5

சக்கையில் தண்ணீர் ஊற்றிக் குடித்த க்ராஸ்பியாவைச் சொன்னேன். அதே சக்கையில் தண்ணீருக்குப் பதில் சாதாரண வால்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்க வைப்பது 'ரிபாஸ்ஸோ'. எதையும் வீணாக்காத குடியானவச் சிக்கனத்திலிருந்து வந்த முறை. 1964ஆம் ஆண்டு விளைச்சலில் மாஸி நிறுவனம் இதை நவீனமாக்கி விற்றது. 1988ல் 'ரிபாஸ்ஸோ' என்ற சொல்லையே தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொண்டது; 2006ல் வெரோனா வணிக மன்றத்துக்கு விட்டுக்கொடுத்தது. சுமார் 18 ஆண்டுகள் ஒரு பொது வினைச்சொல் தனிச்சொத்தாக இருந்திருக்கிறது!

அமரோனே என்ற சொல்லும் நீதிமன்றம் ஏறியது. 2009ல் பழைய குடும்ப நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து, தங்கள் அமைப்பின் பெயரிலேயே அமரோனேயைச் சேர்த்துக்கொண்டன. சமவெளியில் மலிவாகவும் மிகுதியாகவும் செய்து பெயரைக் கெடுக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பெயர் எல்லா உற்பத்தியாளருக்கும் பொது, ஒரு குழு அதைத் தன் பெயராக்கிக்கொள்ள முடியாது என்றது பகுதி உற்பத்தியாளர் கூட்டமைப்பு. 2017ல் வெனிஸ் நீதிமன்றம் கூட்டமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. தோற்றக் கதையின்படி ஒரு கூட்டுறவுச் சங்கத்துத் தொழிலாளியின் வாயிலிருந்து தற்செயலாக விழுந்த சொல் அது. அதற்கு எண்பது வருடம் கழித்து வழக்கு.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் அவசரப்படக்கூடும். பிரபு எதிர் விவசாயி, கம்பெனி எதிர் கூட்டுறவு என்று கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும். அவ்வளவு எளிதில்லை. லுக்கேசே முதலாளி அல்ல. சங்கம் சிறு உற்பத்தியாளர்களுடையது. இன்னொரு பக்கம், அமரோனேயின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான ஜுசெப்பே குவின்டரெல்லியின் (1927-2012) தந்தை சில்வியோ வாரத்துக்கு உழுதவர். 1924ல்தான் நெக்ரார் பக்கம் குடிவந்தார். மகன் கையெழுத்து மாதிரியான லேபிளை ஒட்டி விற்ற புட்டிகள் இன்று பல நூறு யூரோ. வாரக் குடியானவரின் பேரறிவு அழிந்துபோகவில்லை. ஒரு சிலரிடம் அது மூலதனமாக உருமாறியது. பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. விவசாயியைத் தூய்மையான ஆதிமனிதனாக்கி வழிபடுவதும் பீப்பாய்க் கதை மாதிரி இன்னொரு தொன்மம்தான். எந்த அறிவுக்குப் பெயர் கிடைக்கிறது, எந்தப் பெயருக்குச் சட்டம் கிடைக்கிறது, அந்தச் சட்டத்தால் கூலி உயர்ந்ததா என்று படிப்படியாகக் கேட்டுப் போவதுதான் பயன்படும்.

6

கூலியைப் பற்றி ஒரு செய்தி. 2024 ஜூலையில் இத்தாலியப் போலீஸ் வெரோனா மாகாணத்தில் விவசாயக் கூலிகளாக இருந்த 33 இந்தியர்களை அடிமைநிலைக்கு ஒப்பான சூழலிலிருந்து மீட்டது. நல்ல எதிர்காலம் என்று சொல்லி ஆளுக்கு 17,000 யூரோ கேட்டு அழைத்து வந்திருந்தார்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வாரத்தில் ஏழு நாளும் தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினார்கள். மணிக்கு நான்கு யூரோ என்று பேச்சு. அதையும் கடனுக்குக் கழித்துக்கொண்டார்கள். இப்படி இடைத்தரகர் மூலம் ஆளைச் சுரண்டுவதைக் குற்றமாக்கிக் கடுமையான சட்டம் 2016லேயே வந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வெனெத்தோக்காரர்கள் கப்பலேறிய அதே மண்ணுக்கு இப்போது பஞ்சமும் கடனும் துரத்திய வேறு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். திராட்சை எந்தக் குன்றில் விளைந்தது என்று புட்டி சொல்லும். அறுத்தவர் எந்த ஊர், என்ன கூலி என்று எந்தச் சட்டமும் லேபிளில் எழுதச் சொல்வதில்லை.

இது நமக்குத் தொலைவான விஷயம் அல்ல. டங்கல் திட்டத்தை எதிர்த்து நாம் கூட்டம் போட்ட காலத்தில் விதையையும் மருந்தையும் பற்றித்தான் அதிகம் பேசினோம். அந்த உடன்படிக்கைக்குள்தான் புவிசார் குறியீடும் இருந்தது. ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் மற்றப் பொருள்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு அதில் எழுதப்பட்டது. ஐரோப்பாவின் ஒயின் மாவட்டங்கள் உலகச் சட்டத்துக்குக் கொடுத்த கொடை அது. அதன் தொடர்ச்சியாகவே இந்தியாவில் 1999ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. மதுரை மல்லிக்கு 2013ல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் விடியலுக்கு முன் மொட்டுப் பறிக்கிற பெண்ணின் கூலி அந்தக் குறியீட்டுக்குப் பிறகு என்ன ஆனது என்ற கேள்வியைப் பெருமையோடு சேர்த்துக் கேட்டோமா?

மண்ணுக்குப் பெயர் உண்டு, பண்டத்துக்குப் பெயர் உண்டு, இரண்டையும் காக்கச் சட்டம் உண்டு. இடையில் உள்ள கைக்கு மட்டும் பெயர் கிடையாது. அந்த இடத்தை நிரப்பத்தான் தற்செயல் என்ற கதை தேவைப்படுகிறது. நம்மூர்ப் பண்டங்களுக்கும் இப்படிப் பிறப்புக் கதைகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சேகரிக்கிற நண்பர்கள், கதையோடு கூலிக் கணக்கையும் சேர்த்துச் சேகரித்தால் நல்லது. 'ஓடிப்போனது' மாதிரிப் பேச்சுவழக்கில் மட்டும் மிஞ்சியிருக்கிற பழைய தொழிற்பெயர்களை முதலில் எழுதிவைக்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத அந்தப் பெயர்களில்தான் வேலை செய்தவரின் குரல் இன்னும் இருக்கிறது.